‘தம்பியைத் தூக்கி வளர்த்தவள் நான்’: குழந்தை வளர்ச்சி படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

மனையியலில் குழந்தை வளர்ச்சியும் குடும்பவியலும் எடுத்துப் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு தெம்போடு வருவார்கள். “தம்பியைத் தூக்கி வளர்த்தவள் நான், இதில் படிக்க என்ன இருக்கிறது?” முதல் செமஸ்டரிலேயே ஆளைக் கவிழ்ப்பது அந்தத் தெம்புதான். எல்லாம் தெரியும் என்று உட்கார்ந்தவருக்கு எதிரில் நடப்பது கண்ணில் படாது.

குழந்தைகளைப் பார்த்துக் குறித்துவரும் அப்சர்வேஷன் ரெக்கார்டைத் திறந்தாலே இது தெரிந்துவிடும். அங்கன்வாடியில் அரை மணி நேரம் இருந்துவிட்டு, “குழந்தை கோபக்காரி, பிடிவாதம் அதிகம்” என்று எழுதிவருவார்கள். நானும் எழுதினேன், பக்கம் முழுக்கச் சிவப்பு மையோடு நோட்டு திரும்பி வந்தது. ‘கோபக்காரி’ என்பது நான் கொடுத்த தீர்ப்பு. பார்த்ததை எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: “பக்கத்துப் பையன் சிவப்புக் கட்டையை எடுத்தான். இவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. அடுக்கியதைத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். இரண்டு நிமிடம் கழித்துத் தானே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.” மூன்று வயதுப் பிள்ளை தன் கோபத்தைத் தானே ஆற்றிக்கொண்டது அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. என் ரெக்கார்டில் அந்த வரியே இல்லை. நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் பார்த்த பிள்ளையும் சாப்பிட்டபின் பார்த்த பிள்ளையும் ஒன்றல்ல!

அடுத்தது, வயதுப் பட்டியலை வாய்ப்பாடு போல ஒப்பிப்பது. “ஒரு வயதில் நடக்கும்” என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, துணையில்லாமல் நடக்கத் தொடங்கும் வயது சுமார் 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கு மேல் வரை விரிந்திருந்தது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்த குழந்தைகள் 100க்கு நாலு பேர். ஆகவே அக்கா மகன் 13 மாதத்தில் இன்னும் நடக்கவில்லை என்றால் பதற வேண்டாம். அதே சமயம், “ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று தட்டிக்கழிப்பதும் தவறு. சந்தேகம் வந்தால் குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். நீங்களே இன்ன குறை என்று பெயர் வைக்காதீர்கள். இந்தப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். இது தெரியாமல் சேர்ந்துவிட்டு மூன்றாம் வருஷம் முழிக்கிறவர்கள் உண்டு.

கோட்பாடுகளைப் பிறந்த இடம் பார்க்காமல் பொருத்துவது இன்னொன்று. தாயை விட்டுப் பிரிந்த குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வுக்கூடத்தில் பார்த்தார். அதே சோதனையை ஜப்பானில் செய்தபோது அழுது, சமாதானமாகாத குழந்தைகள் அதிகம் தென்பட்டார்கள். அம்மாவை விட்டு அநேகமாகப் பிரிந்தே இராத குழந்தைகளைத் தனியே விட்டால் வேறென்ன செய்யும்? எயின்ஸ்வொர்த்தே அதற்கு முன் உகாண்டாவில், வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர்தான். புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் நாம் படிக்காமல் புரட்டிவிடுகிறோம்.

அப்புறம், படிப்பின் பெயரிலேயே இருக்கும் ‘குடும்பம்’. ஒரு குழந்தையைப் பற்றி விரிவாக எழுதும் கேஸ் ஸ்டடி என்றால் அம்மாவிடம் கேள்வித்தாளை நிரப்பிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்பாவைப் பார்த்திருக்க மாட்டார்கள். குழந்தை யாரிடம் தூங்குகிறது, யார் ஊட்டினால் சாப்பிடுகிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் பல வீடுகளில் அப்பத்தாவிடம் இருக்கிறது, அவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்.