பெர்மண்ட்சியில் வீடு பார்க்கும் வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு

லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில் கைஸ் மருத்துவமனையில் நர்ஸ் வேலை, இல்லையென்றால் தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப்புறம் 'சிட்டி' என்ற வங்கி வட்டாரத்தில் ஐடி வேலை என்று வருபவர்களுக்குப் பெர்மண்ட்சி வசதியான இடம். நடந்தே வேலைக்குப் போய்விடலாம். 1999இல் ஜூபிலி லைன் என்ற சுரங்க ரயிலின் ஸ்டேஷனும் வந்துவிட்டது. வாடகை அதிகம்தான். அதனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆட்களுக்கு இந்த இடத்தின் கதை புதிதாக இருக்காது. லண்டனுக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்த ஊர் இதுதான். இங்கே ஓக் மரப்பட்டை, நம்மிடம் ஆவாரம்பட்டை. சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோலும் கப்பலேறி லண்டன் சந்தைக்கு வந்திருக்கிறது. 1833இல் கட்டிய தோல் மண்டி வெஸ்டன் ஸ்ட்ரீட்டில் இன்னும் நிற்கிறது. இப்போது உள்ளே ஆபீஸ்கள். டேனர் ஸ்ட்ரீட், லெதர்மார்க்கெட் ஸ்ட்ரீட், மொராக்கோ ஸ்ட்ரீட் என்று தெருப்பெயர்களில் தொழில் தங்கிவிட்டது. நெக்கிஞ்சர் மில்ஸ் என்ற பெரிய தோல் ஆலையும் ஹார்ட்லி ஜாம் ஃபேக்டரியும் குடியிருப்புகளாகிவிட்டன. பீக் ஃப்ரீன் பிஸ்கட் ஃபேக்டரி 1989இல் மூடியது. ஆற்றங்கரையில் மிளகும் பட்டையும் இறக்கிய கிடங்குகளில் இப்போது சினமன் வார்ஃப், கார்டமம் பில்டிங் என்ற பெயர்களில் வீடுகள்.

நம்ம ஊரில் வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி, 'தண்ணி எப்படி?' டேனரிக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்த வழக்கு அது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மேட்டையும் பார்த்திருக்கிறோம். அந்த விழிப்பு இங்கேயும் வேண்டும். குழாய்த் தண்ணீருக்குப் பயமில்லை, தாராளமாகக் குடிக்கலாம். கேட்க வேண்டியது மண்ணைப் பற்றி. பழைய ஆலை நிலத்தில் வீடு கட்ட அனுமதி தரும்போது, மண்ணைச் சோதிக்க வேண்டும், கெட்டதை அகற்ற வேண்டும் அல்லது மேலே நல்ல மண் போட்டு மூட வேண்டும் என்று இங்குள்ள உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் நிபந்தனை போடும். சதர்க் கவுன்சிலின் இணையதளத்தில் கட்டட முகவரியைத் தேடினால் அந்த ஆவணங்களை இலவசமாகப் படிக்கலாம். நான்காம் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. தரைத்தளத்தில் தோட்டத்தோடு வாங்குபவர் கட்டாயம் படிக்க வேண்டும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை போட ஆசை இருந்தால் கடையில் வாங்கிய மண்ணில், தொட்டியில் போடுங்கள்.

அடுத்து சூடு. புதுக் கட்டடங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு பாய்லர் கிடையாது. கீழே ஒரே இடத்தில் சுடவைத்த தண்ணீர் எல்லா வீட்டுக்கும் வரும், உங்கள் சுவரில் ஒரு பெட்டியும் மீட்டரும்தான் இருக்கும். இதற்கு ஹீட் நெட்வொர்க் என்று பெயர். கட்டணம் பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்கு மாற முடியாது. எனவே போன குளிர்காலத்து பில் எவ்வளவு வந்தது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். பழைய ஆலையை மாற்றிய வீடு என்றால் ஜன்னல் பெரிது, கூரை உயரம். பார்க்க அழகு, ஜனவரியில் குளிரும். ஜன்னல் ஒற்றைக் கண்ணாடியா என்று பாருங்கள். ரயில் பாலத்தின் செங்கல் வளைவுகள் பக்கம் என்றால் இரவில் ஒருமுறை போய் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சமையலறை பெரும்பாலும் ஹாலோடு சேர்ந்தே இருக்கும். மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அடிக்கும், அதற்காக அலாரத்தைக் கழற்றிவிடாதீர்கள். காற்றை வெளியேற்றும் ஃபேன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் மிச்சம் என்று அதை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே துணி காயப்போட்டால் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

அட்வான்ஸ் விஷயத்தில் இங்கே சட்டம் உங்கள் பக்கம். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும்; அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். 2019 சட்டப்படி ஏஜென்ட் கமிஷன் உங்களிடம் வாங்கக் கூடாது. 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்பதும் கூடாது. 'நீங்கள் புதிதாக வந்தவர், ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

வாங்குவதாக இருந்தால் நிதானம் இன்னும் அதிகம் வேண்டும். நம் ஊரில் பிளாட் வாங்கினால் நிலத்தில் பிரிபடாத பங்காவது (யுடிஎஸ்) பத்திரத்தில் இருக்கும். இங்கே பெரும்பாலும் லீஸ். இத்தனை வருஷம் இருக்கும் உரிமையைத்தான் வாங்குகிறீர்கள். கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் வருஷத்துக்கு வருஷம் ஏறலாம், கடந்த மூன்று வருஷக் கணக்கைக் கேளுங்கள். 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்த பிறகு, வெளிச்சுவரில் பொருத்திய பலகைகளின் தீ ஆபத்து பற்றிய சான்று இல்லாத கட்டடங்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பது சிரமமாகிவிட்டது. அந்தச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

மளிகைக்கு ஜூபிலி லைனில் வெஸ்ட் ஹாம் போய், டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறி ஈஸ்ட் ஹாமில் இறங்குங்கள். இட்லி அரிசியிலிருந்து எல்லாம் கிடைக்கும்.

அப்புறம், மனிதர்கள். கேட் போட்ட புதுக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கவுன்சில் குறைந்த வாடகைக்கு விடும் பழைய வீடுகள் இருக்கும். ஜாம் கிண்டியவர்கள், பிஸ்கட் சுட்டவர்கள், தோல் பதனிட்டவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். வேலை போன இடத்தில், தங்கள் பிள்ளைகளால் வாடகை கொடுக்க முடியாத வீடுகள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது, உங்கள் மேல் வந்ததும் இல்லை. கைஸில் படித்த டாக்டர் ஆல்ஃபிரட் சால்ட்டர் 1900இல் இங்கே வைத்தியத் தொழில் தொடங்கி, காசில்லாதவர்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு சிஎம்சி மருத்துவமனையை ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். சால்ட்டரின் மனைவி ஏடா 1922இல் பெர்மண்ட்சி மேயரானார், சேரித் தெருக்களில் மரம் நட்டார். அந்த மரபை மதிக்கிற ஊர் இது. சதர்க் பார்க் ரோட்டில் 'தி ப்ளூ' சந்தைக்குப் போங்கள், பேச்சுக் கொடுங்கள்.

புதுக் கட்டடத்துக்கு விண்ணப்பம் வந்தால் வாடகைக்கு இருப்பவரும் கவுன்சிலுக்குக் கருத்து எழுதலாம். எளியவர்களுக்கு எத்தனை வீடு என்று கேட்டு எழுதுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். விசாவோடு வீட்டு முகவரி கிடைத்ததுமே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்; இணையத்தில் சில நிமிட வேலைதான்.