மூக்கில் ஸ்வாப் எடுப்பது: கோணம், ஆழம், குளிர்

ஃப்ளூ, கொரோனா போன்ற சுவாச வைரஸ்கள் மூக்கின் பின்புறச் சவ்விலுள்ள செல்களுக்குள் பெருகுகின்றன. அந்தச் செல்கள் ஸ்வாப் எனும் மாதிரிக் குச்சியின் முனையில் ஏறாவிட்டால், வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். இயந்திரம் எவ்வளவு நல்லதானாலும் வைரஸைக் காட்டாது. ஃப்ளூ சந்தேகம் என்றால், அறிகுறி தொடங்கி 3, 4 நாட்களுக்குள் மாதிரி எடுத்துவிடுங்கள்.

நைலான் அல்லது பாலியெஸ்டர் முனையும் மெல்லிய பிளாஸ்டிக் தண்டும் கொண்ட ஸ்வாப்தான் வேண்டும். மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் முனையும் பி.சி.ஆர். வினையையே தடுக்கக்கூடும். மாதிரியைக் கெடாமல் அனுப்புவதற்கான திரவம் உள்ள வி.டி.எம். குழாயின் காலாவதித் தேதியைப் பாருங்கள். திரவம் கலங்கியிருந்தாலோ, இளஞ்சிவப்பு மாறி மஞ்சளாகியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். பெயர், எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் மாதிரி எடுக்கும் முன்பே குழாயின் மேல் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது ஆளே மாறிவிடுவார். என்95 முகக்கவசம், கண் பாதுகாப்பு, கவுன், கையுறை கட்டாயம். ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை போடுங்கள்.

நோயாளி மூக்கைச் சிந்திவிட்டு, பின்தலை நாற்காலியில் அண்டியிருக்கும்படி சற்றே சாய்ந்து உட்காரட்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது கோணத்தில்தான். மூக்கு மேல்நோக்கிப் போவதாக எண்ணிக் கண்ணை நோக்கித் தள்ளுகிறார்கள். குச்சி உள்ளே இருக்கும் எலும்பு மடிப்பில் முட்டும்; வலிக்கும், ரத்தம் வரும், இடமும் தவறிவிடும். மூக்கின் தளத்தை ஒட்டி, அண்ணத்துக்கு இணையாகக் காதை நோக்கிச் செலுத்துங்கள். தலை சாய்ந்தால் அண்ணமும் சாயும். ஆகவே தரையை வைத்துக் கோணம் பிடிக்காமல் காதைப் பார்த்துப் பிடியுங்கள். நாசித் துளையிலிருந்து காதுத் துளை வரையுள்ள தூரமே ஆழம். அங்கே மெதுவான தடை தெரியும். சில விநாடி வைத்திருந்து, சுழற்றியபடியே வெளியே எடுங்கள். பாதி வழியிலேயே இடித்தால் அழுத்தவே கூடாது; அடுத்த துளையில் முயலுங்கள். அண்மையில் மூக்கு அறுவைசிகிச்சை நடந்தவர்களுக்கும் முகத்தில் அடிபட்டவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

முனை திரவத்தில் மூழ்கியபின், தண்டை அதில் உள்ள முறிவுக் கோட்டில் ஒடித்து மூடியை இறுக்குங்கள். நீளமாக விட்டால் மூடி சரியாக உட்காராது. கசிந்த குழாயை ஆய்வகம் ஏற்காது.

உடனே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வையுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேராதென்றால் மைனஸ் 70 டிகிரி வேண்டும். சாதாரண ஃப்ரீசர் இதற்கு மாற்றல்ல. உறைந்து உருகி மீண்டும் உறைந்தால் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ. சிதையும். குழாயை உறிஞ்சுதாளில் சுற்றிக் கசியாத உறையிலிட்டு, அதை ஐஸ் பேக் வைத்த பெட்டிக்குள் வையுங்கள். படிவம் தனி உறையில் போகட்டும்.

முடிவு வந்ததும், ஆர்னேஸ் பி போன்ற மனித மரபணுக் கட்டுப்பாடு (ஸ்வாபில் மனித செல் ஏறியதா என்று காட்டுவது) இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வைரஸும் இல்லை, அதுவும் தெரியவில்லை என்றால் அது நெகட்டிவ் அல்ல, செல்லாத முடிவு. மறுபடி எடுக்க வேண்டும். நெகட்டிவ் என்று வந்தும் நிமோனியா அறிகுறி நீடித்தால் நுரையீரலிலிருந்து இருமி வரும் சளி மாதிரியையும் அனுப்புங்கள். மூக்கில் வைரஸ் குறைந்த பிறகும் நுரையீரலில் இருக்கக்கூடும்.