1381 பாடம்: வகுப்பில் எங்கே சறுக்குகிறோம்?

இங்கிலாந்தில் 1381இல் நடந்த உழவர் கிளர்ச்சியை சினிமா கதை போலச் சொல்லி முடித்துவிடுகிறோம். தலைவரி போட்டார்கள், மக்கள் கொதித்தார்கள், ஸ்மித்ஃபீல்டில் லண்டன் மேயர் வால்வொர்த் கிளர்ச்சித் தலைவர் வாட் டைலரை வெட்டிச் சாய்த்தார், 14 வயது அரசன் இரண்டாம் ரிச்சர்ட் கூட்டத்தைச் சமாளித்தான். அதோடு மணியும் அடித்துவிடும்.

'உழவர்' என்ற பெயரிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. கைவினைஞர்கள், லண்டன் நகரவாசிகள், ஏன், ஊர் நிர்வாகம் பார்த்தவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

வரி மட்டுமே காரணம் என்பது அடுத்தது. 1377இல் தலைக்கு 4 பென்ஸாக இருந்தது 1380 கடைசியில் 12 பென்ஸ் ஆனது, சரி. ஆனால் 1348இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏற, 1351 சட்டம் அதைப் பழைய அளவிலேயே கட்டிப்போட்டது. முப்பது வருடப் புகைச்சல் அது. இதை விட்டுவிட்டால், "12 பென்ஸுக்கா இவ்வளவு?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள்.

என்னைக் கேட்டால், வெறிபிடித்த கும்பல் என்று காட்டுவதுதான் பெரிய தவறு. அப்படி எழுதிவைத்தது யார்? அப்படி எழுதியவர்களில் ஒருவரான தாமஸ் வால்சிங்கம், செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி. மக்கள் திரண்டு போய் நின்றது அந்த மடத்து வாசலிலும்தான்! மடத்து ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும் என்று, சுமார் 50 வருடம் முன்பு ஒரு மடாதிபதி ஊராரின் திரிகைக் கற்களைப் பறித்து, மடத்துத் தரையில் பாவியிருந்தார். 1381இல் மக்கள் அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, பிரசாதம் போல ஆளுக்கொரு துண்டு பகிர்ந்துகொண்டார்கள். இதை எழுதியதும் அதே வால்சிங்கம்தான். 'கல்லைத் துண்டாக வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வார்கள்?' என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

அதற்காக அவர்களைப் புனிதர்களாக்கவும் வேண்டாம். லண்டனில் பிழைக்க வந்த ஃப்ளெமிஷ் மக்களையும் கிளர்ச்சியின்போது கொன்றார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், 'அரசனை எதிர்த்தார்கள்' என்று எழுதவைக்காதீர்கள். அவர்கள் கோபம் அமைச்சர்கள் மேல், அரசனை நம்பினார்கள். ஜூன் 14 அன்று லண்டனை அடுத்த மைல் எண்டில் அவன் ஒப்புக்கொண்ட, பண்ணையடிமை நிலையிலிருந்து விடுவிக்கும் பத்திரங்கள் ஜூலை 2இல் ரத்தாயின. ஸ்மித்ஃபீல்டோடு மணி அடித்தால் இந்த ஜூலை மாதம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.