பினாங்குக்கு நாள் குறிக்கும் முன் பார்க்க வேண்டிய காற்றும் மழையும்

கெடாவின் பீடோங் வட்டார ரப்பர் தோட்டங்களிலிருந்து பினாங்குக்குத் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ போக நாள் குறிப்பவர்கள், பருவக்காற்றின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அந்தக் காற்று எந்த மலையைத் தாண்டி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கும் மலேசியக் கிழக்குக்கரை மாநிலமான கிளந்தானுக்கும் பெருமழை தரும் வடகிழக்குப் பருவக்காற்று, தன் ஈரத்தில் பெரும்பகுதியைத் தீபகற்ப மலேசியாவின் நடுவே ஓடும் தித்திவங்சா மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுவதால், ஆண்டின் தொடக்கத்தில் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனை எட்டும்போது பெரும்பாலும் வறண்டுபோயிருக்கிறது.

ஆகவே, வெளியில் பந்தல் போட வேண்டிய விசேஷத்துக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. நம் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) இலையுதிர்த்து நிற்பதும், மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழும் பால் குறைவதும் ஏறத்தாழ இந்த வறட்சியை ஒட்டித்தான். காடு மொட்டையாகத் தெரிந்தால் பினாங்கிலும் வானம் வெளுத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். தைப்பூசமும் இப்பருவத்தில்தான் வருகிறது. அன்று அஞ்ச வேண்டியது மழையை விட வெயிலைத்தான். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை வெயில் ஏறுமுன் ஏறி முடிக்கும்படி புறப்படுங்கள். வெறுங்காலுடன் வரும் குழந்தைகளையும் முதியவர்களையும் நடுப்பகலில் தார்ச்சாலையில் நடக்க விடாதீர்கள். காவடி எடுப்பவருக்கு மட்டுமன்றி, உடன் நடப்பவருக்கும் தண்ணீர் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் வெப்பம் இன்னும் கடுமையாகலாம்: 1998 ஏப்ரல் 9 அன்று வட மாநிலமான பெர்லிசின் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. 3 நாள் தொடர்ந்து அதிகபட்ச வெப்பம் 35 பாகையை எட்டினால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். அப்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

சித்திரை பிறந்ததும் காற்று தளர்கிறது. காலை தெளிவாக இருந்தாலும், கடற்காற்று உள்ளே நுழைந்து, சூடேறிய நிலத்தின் மேல் முகில் திரண்டு, பிற்பகலில் இடியுடன் கொட்டும். எனவே நண்பகலுக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

மே மாத இறுதியிலிருந்து வீசும் தென்மேற்குக் காற்றைச் சுமத்திரா ஓரளவு மறைத்துக்கொள்கிறது. ஆயினும் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன் பாய்ந்து வரும் சூறைமழையை பால்மரம் வெட்டும் வெட்டுக்காரர்கள் நன்கு அறிவார்கள்: பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. அத்தகைய விடியலில் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைக் கடக்கப் புறப்படாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதே மாதங்களில் புகைமூட்டமும் வரக்கூடும். காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால், ஆஸ்துமா உள்ளவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டிய காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான், ஏனெனில் மழை உச்சம் தொடும் இந்த மாதங்களில்தான் தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு வெள்ளத்தில் மூழ்கியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கனமழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்தால் தாழ்வான தெருக்களின் நீர் வடிய வழியில்லாமல் தேங்கும்; ஆகையால் மழை எச்சரிக்கையுடன் அன்றைய கடல் ஏற்ற நேரத்தையும் பாருங்கள், வண்டியை மேட்டில் நிறுத்துங்கள், காலையிலேயே வாங்கிக்கொண்டு பிற்பகல் முகில் கறுக்குமுன் திரும்பிவிடுங்கள்.