வகுப்பில் பத்து விநாடி காணாமல் போகும் குழந்தை: இ.இ.ஜி.க்கு எப்படித் தயார் செய்வது?

குழந்தை வாய்விட்டுப் பாடம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வரியின் நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது. கண் திறந்திருக்கிறது, பார்வை நிலைகுத்தி நிற்கிறது, இமை லேசாகத் துடிக்கிறது. பத்து விநாடியில் விட்ட இடத்திலிருந்து வாசிப்பு தொடர்கிறது. கீழே விழவில்லை, கைகால் இழுக்கவில்லை. அதனால் ‘கவனம் போதாது’ என்று பள்ளி டைரியில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இது ஆப்சன்ஸ் வலிப்பாக, அதாவது சில விநாடி நினைவு மட்டும் விலகிப்போகும் வலிப்பாக இருக்கலாம். தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையில் இது தெரியும். பெரும்பாலும் 4 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஒரு நாளில் பல பத்து முறைகூட வரும்.

ஏன் இப்படி நடக்கிறது? மூளையின் ஆழத்தில் இடமும் வலமுமாக இரண்டு முட்டை வடிவப் பகுதிகள் இருக்கின்றன. அவைதான் தலாமஸ். மோப்பத்தைத் தவிர மற்ற புலன்களின் செய்தியெல்லாம் இதன் வழியாகத்தான் பெருமூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகிறது. ஆனால் தலாமஸை வெறும் தபால் நிலையமாக நினைத்துவிடக் கூடாது. மேலே போகும் இழைகளைவிடப் புறணியிலிருந்து தலாமஸுக்குத் திரும்பி வரும் இழைகள் பல மடங்கு அதிகம். இந்தப் போக்குவரத்தைத் தலாமஸின் மேல் போர்வைபோலப் படர்ந்திருக்கும் ரெட்டிகுலர் நியூக்ளியஸ் ஒட்டுக்கேட்டு, காபா என்ற வேதிப்பொருளால் தலாமஸை அவ்வப்போது அடக்குகிறது.

விழித்திருக்கும்போது தலாமஸ் செல்கள் வருகிற செய்திக்குத் தக்கபடி ஒவ்வொரு துடிப்பாக அனுப்பும். நன்றாக அடக்கப்பட்டால் அவற்றிலுள்ள ‘டி’ வகைக் கால்சியம் வாய்க்கால்கள் (கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் நுண்துளைகள்) திறக்கத் தயாராகிவிடும். அடக்குதல் விலகியதும் துடிப்புகள் கொத்தாக வெடிக்கும். தூக்கத்தில் இது ஆரோக்கியமான வேலை. விநாடிக்கு 11 முதல் 15 வரையான தூக்கக் கதிர் (ஸ்பிண்டில்) அலைகள் புறணிக்கும் தலாமஸுக்கும் இடையிலான இந்தச் சுற்றில்தான் பிறக்கின்றன. விழித்திருக்கும் குழந்தையிடம் புறணியும் தலாமஸும் இதே சுற்றில் விநாடிக்கு 3 என்ற தாளத்தில் பூட்டிக்கொண்டால், பூட்டு விலகும்வரை வெளியுலகச் செய்தி உள்ளே ஏறாது. ஆசிரியர் அந்த நேரத்தில் சொன்ன வாக்கியம் குழந்தைக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது. அடம் என்று திட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இதிலிருந்தே தெரியும்.

முதல் வேலை வீட்டில். அடுத்த முறை வந்தால் ஃபோனில் வீடியோ எடுங்கள், முகம் முழுதும் தெரியட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளை மெதுவாகத் தொடுங்கள். பகல்கனவு காணும் குழந்தை தொட்டதும் திரும்பும், இது திரும்பாது. ‘மாம்பழம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லி, தெளிந்த பிறகு என்ன சொன்னேன் என்று கேளுங்கள். எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பொதுவாக 20 விநாடிக்குள் முடிந்துவிடும். அரை நிமிடத்தைத் தாண்டி, வாயைச் சப்பி, முடிந்த பிறகும் குழப்பமும் அசதியும் இருந்தால் அது மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வேறு வலிப்பாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு.

இ.இ.ஜி. எடுக்கப் போகுமுன் தலையைக் கவனியுங்கள், பதிவு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். நம் வீடுகளில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பும்போது எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்புவது வழக்கம். அந்த எண்ணெய்ப் படலம் தோலுக்கும் மின்முனையை ஒட்டும் பேஸ்டுக்கும் நடுவில் நின்று மின்தடையை ஏற்றிவிடும். மின்முனையின் தடை 5 கிலோஓமுக்குள் இருப்பது நல்லது. ஏறினால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அலைகளின் மேல் ஏறிக்கொள்ளும். முந்தின இரவு ஷாம்பு போட்டு இரண்டு முறை தலைக்கு ஊற்றி, நன்றாகக் காயவிடுங்கள். கண்டிஷனர் வேண்டாம். காலையில் பூ, கிளிப், இறுக்கமான பின்னல் எதுவும் வேண்டாம். நெற்றியில் பொட்டும் விபூதியும்கூட வேண்டாம், புருவத்துக்கு மேலேயே இரண்டு மின்முனைகள் ஒட்டுவார்கள்.

காலையில் இட்லியோ தோசையோ சாப்பிட வைத்துத்தான் கூட்டி வர வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை குறைந்தால் மெதுவான அலைகள் கூடும். ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தூக்கத்தைக் குறைத்து வரச் சொல்லியிருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் குழந்தைக்குத் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். அந்த அரைமணித் தூக்கம் இரவெல்லாம் பட்ட பாட்டை வீணாக்கிவிடும்.

பதிவில் முக்கியமான கட்டம் ஆழ்ந்து மூச்சு விடுவது. குறைந்தது 3 நிமிடம், தேவைப்பட்டால் 5. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, இந்தச் சுற்று எளிதில் பூட்டிக்கொள்ளும். சின்னக் குழந்தையிடம் ‘ஆழமா மூச்சு விடு’ என்றால் நாய் இளைப்பதுபோல மேலோட்டமாக விடும், பலன் இருக்காது. காகிதக் காற்றாடியை முகத்துக்கு எதிரே பிடித்து, சுற்று நிற்காமல் ஊதச் சொல்லுங்கள். காற்றாடி சட்டென்று நிற்கும் அந்தக் கணத்தில் திரையில் கூர்முனையும் அலையும் விநாடிக்கு மூன்றாக ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. கூர்முனை இல்லாத பெரிய மந்த அலைகள் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான குழந்தைக்கும் ஊதும்போது அவை வரும். மருந்து தொடங்காத குழந்தை 5 நிமிடம் ஒழுங்காக ஊதியும் ஒன்றும் வரவில்லை என்றால், பெரும்பாலும் ஆப்சன்ஸ் இல்லை. இதய, நுரையீரல் நோயோ அரிவாள்செல் சோகையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது. வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கவும் வேண்டாம்.

ஆப்சன்ஸுக்குக் கொடுக்கும் எத்தோசக்சிமைடு என்ற மருந்து மேலே சொன்ன ‘டி’ வாய்க்காலையே அடைக்கிறது. இது பெரிய இழுப்பு வலிப்பைத் தடுக்காது. அதுவும் இருந்தால் டாக்டர் வால்ப்ரோயேட் என்ற மருந்தைப் பற்றி யோசிப்பார். பெண்குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், பிற்காலக் கர்ப்பத்தில் கருவைப் பாதிக்கும். வேறு வலிப்புகளுக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன் ஆகிய மருந்துகள் ஆப்சன்ஸை அதிகமாக்கலாம். வலிப்பு என்ற ஒற்றைச் சொல்லை வைத்து மருந்து எழுத முடியாததற்கு இதுவே காரணம். 4 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால், மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேரும் பாதையில் குறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கட்டுப்படும்வரை தேவனாம்பட்டினம் கடலிலோ கிணற்றிலோ குளத்திலோ தனியாக இறங்க விடாதீர்கள், ரோட்டில் சைக்கிளும் வேண்டாம். மந்தமான நிலை 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வகுப்பு ஆசிரியருக்கு ஒரு தாளில் இதை மட்டும் எழுதிக் கொடுங்கள்: உலுக்க வேண்டாம், திட்ட வேண்டாம், தெளிந்ததும் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லுங்கள்.