வெயிட் மெஷின் டிசைன்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிம்ல அதிக வெயிட் தூக்க உதவுற மெஷின் செய்யணும்னு உக்காந்தா முதல்ல எல்லாரும் கோட்டை விடுறது ஒரே இடத்துலதான், தட்டுல எழுதியிருக்குற கிலோவ பாக்குறாங்க, கைக்கு வந்து சேர்ற பளுவ பாக்குறதில்ல. நடுவுல ஒரு நகரும் புல்லி போட்டீங்கன்னா 80 கிலோ ஸ்டேக் (மெஷின்ல அடுக்கி வெச்சிருக்குற வெயிட் தட்டுங்க) கைக்கு 40 கிலோவாத்தான் வரும், பதிலுக்கு கேபிள ரெண்டு மடங்கு தூரம் இழுக்கணும். 45 டிகிரி சாய்வுல இருக்குற லெக் பிரஸ்ல, அதாவது காலால தள்ளுற மெஷின்ல, வெயிட்ட தாங்கி நகர்ற ஸ்லெட் மட்டும் 50 கிலோன்னு வெச்சுக்கோங்க, மேல 100 கிலோ ஏத்தினா மொத்தம் 150, ஆனா காலுக்கு வர்றது ஏறக்குறைய 106 கிலோதான். இப்படி குறையுறது தப்பில்ல. அத மறைச்சுட்டு பெரிய நம்பர காட்டுறதுதான் தப்பு, ஏன்னா தூக்குறவர் அந்த நம்பர நம்பித்தான் அடுத்த வாரம் எவ்வளவு ஏத்தலாம்னு முடிவு பண்றார்.

அடுத்தது உராய்வு. இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல்முதலா நானே வெல்டிங் பண்ணி ஒரு கேபிள் மெஷின் செஞ்சப்போ ஸ்டேக்ல 40 கிலோவுக்கு பின்ன சொருகி, ஹேண்டில்ல ஒரு தொங்கு தராச மாட்டி மெதுவா இழுத்தேன், முள்ளு 46ல நின்னுச்சு. சரி கொஞ்சம் டைட்டா இருக்கு போலன்னு நெனச்சு அப்படியே மெதுவா இறக்கினேன், 34 காட்டுச்சு! மூணு புல்லி, ஸ்டேக் ஏறி இறங்குற கைடு ராடுல சரியா நேர் வைக்காத புஷ் (ராட சுத்தி வழுக்குற வளையம்), அவ்வளவுதான் காரணம், ஆனா மேல ஏத்துறப்போ 6 கிலோ கூட, இறக்குறப்போ 6 கிலோ கம்மி. நம்ம தசைக்கு இறக்கும்போதுதான் தாங்குற சக்தி அதிகம், அந்த நேரத்துல போய் மெஷின் பளுவ குறைச்சு குடுத்தா வலிமை எப்படி ஏறும்? அதனால எந்த மெஷின செஞ்சாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் தனித்தனியா அளந்து பாருங்க, ஒரே இடத்துல மட்டும் இல்லாம ஆரம்பம், நடு, கடைசின்னு மூணு இடத்துலயும்.

மூணு இடம்னு ஏன் சொல்றேன்னா, உடம்புக்கு எல்லா கோணத்துலயும் ஒரே பலம் கிடையாது. ஸ்குவாட்ல கீழ உக்காந்த நிலைதான் கஷ்டம், நிமிர நிமிர சுலபம். உக்காந்து கால நீட்டுற லெக் எக்ஸ்டென்ஷன்ல முட்டி பாதி மடங்கின இடத்துல பலம் அதிகம், முழுசா நீட்டும்போது குறைஞ்சிடும். உருண்ட புல்லிய போட்டா எல்லா இடத்துலயும் பளு ஒரே மாதிரிதான் இருக்கும், அப்போ ரொம்ப பலவீனமான இடத்துல எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மொத்தமா ஏத்த முடியும். ஆர்தர் ஜோன்ஸ் 1970ல நாட்டிலஸ் மெஷின்கள விக்க ஆரம்பிச்சப்போ இதுக்குத்தான் உருண்டையா இல்லாம ஆரம் மாறிட்டே போற புல்லிய, அதாவது கேம், வெச்சார், அது நாட்டிலஸ்ங்கிற கடல் உயிரியோட சுருள் ஓடு மாதிரி இருந்ததால அதுவே கம்பெனிக்கு பேராவும் ஆச்சு. கேமோட ஆரம் பெருசா இருக்குற இடத்துல பளு கூடும், சின்னதா இருக்குற இடத்துல குறையும். இங்க நான் பாத்த பெரிய தப்பு என்னன்னா, ஒரு மெஷினோட கேம அப்படியே காப்பி அடிச்சு வேற மூட்டுக்கு வெக்கிறது, இல்லன்னா தலைகீழா மாட்டிடறது. பலம் குறையுற இடத்துல மெஷின் கனக்கும், தூக்குறவர் தனக்குத்தான் சக்தி பத்தலன்னு நெனச்சுக்குவார், பாவம்.

இன்னொன்னு, செலவு குறையட்டும்னு சின்ன ஸ்டேக்க வெச்சு புல்லிய திருப்பிப் போட்டு பளுவ ரெட்டிப்பாக்குறது. 50 கிலோ ஸ்டேக் ரெண்டு மடங்கு வேகமா நகர்ந்தா கைக்கு 100 கிலோ வரும், கணக்கு சரிதான், ஆனா அசைக்க ஆரம்பிக்கும்போது எதிர்க்குற ஜடத்துவம் (இனெர்ஷியா) 200 கிலோவுக்கு சமம். கெளப்பவே முடியாது, கெளம்பினதும் தானா பறக்கும், மேல போனதும் கேபிள் தொய்ஞ்சு டக்குனு இழுக்கும். தோள்பட்டை, முழங்கை எல்லாம் இதுலதான் போகுது.

மூட்டு அச்ச பத்தி சுருக்கமா சொல்லிடறேன், மெஷின் கை சுத்துற பிவட்டும் நம்ம மூட்டும் ஒரே கோட்டுல வரணும், சீட்டு முதுகுப்பட்டை நகரலன்னா உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் அது ஒருநாளும் அமையாது.

கேபிள் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். 6 மில்லிமீட்டர் கேபிள 50 மில்லிமீட்டர் புல்லில சுத்தினா ஒவ்வொரு தடவையும் ரொம்ப மடங்கி உள்ள இருக்குற கம்பி ஒவ்வொண்ணா அறும், மேல நைலான் உறை இருக்குறதால வெளிய ஒண்ணும் தெரியாது. புல்லி விட்டம் கேபிளோட 18, 20 மடங்காவது இருக்கட்டும்.

கடைசியா ஸ்டாப்பர். அதிக வெயிட்னாலே ஒருநாள் கடைசி தடவ தூக்க முடியாம போகத்தான் போகுது, அத மனசுல வெச்சுத்தான் டிசைன் பண்ணணும். லெக் பிரஸ்ல ஸ்லெட் நெஞ்சுப் பக்கம் எவ்வளவு தூரம் வரலாம்னு தடுக்குற ஸ்டாப்பர் ஆளுக்கு தகுந்த மாதிரி நகரணும், ரெண்டு பக்கமும் இருக்கணும். சும்மா உக்காந்து பாத்துட்டு சரின்னு விடாதீங்க, ஸ்லெட்ட அந்த ஸ்டாப்பர் வரைக்கும் இறக்கி, முட்டி நெஞ்சுகிட்ட மடங்கி இருக்குற நிலையில, முதுக சீட்டுலேர்ந்து எடுக்காம ஸ்லெட்ட பூட்டுற லாக் கைப்பிடி எட்டுதான்னு பாருங்க.