ஸ்மார்ட் மீட்டர் கேட்வேக்கு இடம் பார்க்கும்போது நடக்கும் தவறுகள்

கேட்வே என்பது சுற்றியுள்ள ஸ்மார்ட் மீட்டர்களின் ரீடிங்கை ரேடியோ மூலம் வாங்கி ஆபீஸுக்கு அனுப்பும் பெட்டி. ஒரு ஊரில் அப்படி ஒரு கேட்வே தினமும் காலை ஆறு மணி வாக்கில் செத்துப்போய், சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. ரேடியோ கோளாறு என்று நினைத்து போர்டை மாற்றினோம், சிம்மை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கம்பத்தடியில் நின்று வயரை ஒவ்வொன்றாகக் கண்ணால் பின்தொடர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது: பெட்டிக்கு கரண்ட் எடுத்திருந்தது தெருவிளக்கு வயரிலிருந்து. அதில் பகலில் சப்ளையே கிடையாது.

இடம் குறிக்கும்போது வரும் தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான். கம்பம் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதில் 24 மணி நேர சப்ளை எந்த வயரில் வருகிறது என்று பார்க்க மாட்டார்கள். கூடவே பேட்டரியையும் யோசிக்க வேண்டும். கரண்ட் போகும்போது மீட்டர், தன்னிடம் மிச்சம் இருக்கும் கொஞ்ச சார்ஜை வைத்து "எனக்கு சப்ளை போய்விட்டது" என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். அதே டிரான்ஸ்பார்மரில் தொங்கும் கேட்வேயும் அதே நொடியில் அணைந்துவிட்டால் அந்தச் செய்தியை வாங்க ஆளே இல்லை. சரி, பேட்டரி வைத்தாயிற்று என்றால், அது லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மேற்கு வெயில் முழுக்க வாங்கும் சுவரில் இரும்புப் பெட்டியை மாட்டக் கூடாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

அடுத்தது உயரம். இந்தியாவில் இந்த மீட்டர் ரேடியோக்கள் பெரும்பாலும் உரிமம் தேவையில்லாத 865–868 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, அங்கே டிரான்ஸ்மிட்டருக்கு 1 வாட்தான் உச்சவரம்பு. பவரைக் கூட்டிச் சமாளிக்க வழியில்லை, இடம்தான் எல்லாம். எதிர்க்கம்பம் கண்ணுக்குத் தெரிகிறது, சிக்னல் போய்விடும் என்று நம்புவது தவறு. 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில், இரண்டு ஆன்டெனாவையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி சுமார் 9 மீட்டர் ஆரத்துக்கு அலைக்கு இடம் வேண்டும், அதில் 60 சதவீதமாவது, அதாவது ஐந்தரை மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். எட்டு மீட்டர் கம்பத்திலிருந்து கணக்குப் போட்டால், நடுவில் நிற்கும் ஓட்டு வீடும் நிறுத்தி வைத்த லாரியும் கூட அந்த இடத்துக்குள் வந்துவிடும்.

அதற்காக ஊரிலேயே உயரமான தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஓடுவதும் தப்பு. அதிக கெயின் (அலையைக் குவித்து வீசும் திறன்) உள்ள ஆன்டெனா அலையைத் தட்டையாக்கி வெளியே வீசும். தொலைவில் உள்ள தெருவுக்குக் கிடைக்கும், தொட்டியடியில் உள்ள வீடுகளுக்குக் கிடைக்காது. பெட்டியைக் கீழே வைத்து ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளை மேலே இழுத்தால் 10 மீட்டரிலேயே பாதிக்கு மேல் சக்தி போய்விடும். ஆன்டெனாவை இரும்புக் கம்பத்தை ஒட்டிக் கட்டுவதும் அப்படித்தான். இந்த அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர், அந்த அளவாவது கம்பத்தை விட்டுத் தள்ளி நிற்கட்டும், அல்லது உச்சிக்கு மேலே போகட்டும்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்த்து நிற்கும்போது சர்வே முடித்துவிட்டு, ஐப்பசி மழையில் நனைந்த இலைக்கூட்டத்துக்குப் பின்னால் உள்ள மீட்டர்கள் ஏன் வரவில்லை என்று தேடுகிறார்கள். கேட்வே பக்கம் மட்டும் நின்று அளக்காதீர்கள். மாடிப்படிக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் மீட்டர் வரைக்கும் போய், பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு அளந்து பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது கிடைத்த ரீடிங்கை நம்பி நானே ஒரு முழுத் தெருவைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

சென்னை போன்ற இடங்களில் பில்லர் பாக்ஸ் (தெருவோரத்தில் நிற்கும் மின்விநியோகப் பெட்டி) பக்கத்தில் வைப்பது வசதிதான், சப்ளை கையருகே இருக்கும். ஆனால் 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். கேபிள் எப்போதும் பெட்டிக்கு அடிப்பக்கமாகவே நுழையட்டும், நுழையும் முன் கொஞ்சம் தொங்கி வளையட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கடலோரமாக இருந்தால் சாதாரண போல்ட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட வேண்டும்.

இதையெல்லாம் சரியாகப் பார்த்தவர்களும் லைன்மேனிடம் கேட்க மறந்துவிடுகிறார்கள். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் 11 கேவி (11,000 வோல்ட்) பக்கமாகப் பெட்டியை மாட்டினால், ஒரு ஃபியூஸ் மாற்றக்கூட லைன் கிளியர் (சப்ளையை நிறுத்தி லைனில் வேலை செய்யத் தரும் அனுமதி) வாங்கி மொத்தப் பகுதிக்கும் சப்ளையை நிறுத்த வேண்டும். அந்தக் கம்பத்தில் ஏறுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, ஆபீஸில் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எந்தக் கம்பம் சாய்ந்துகொண்டிருக்கிறது, எது சாலை அகலப்படுத்தும்போது எடுக்கப்படப் போகிறது, எந்தத் தெருவில் தேர் வரும்போது வயர்களை அவிழ்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தேரோடும் வீதியில் கம்பத்திலிருந்து ஓரடி நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட்டைத் திருவிழாவுக்கு முந்தின நாள் யாராவது கழற்றி வைத்துவிடுவார்கள், திரும்ப மாட்டும்போது ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.